வரிசை இல்லாத நாளில் என்ன எழுதுவது?

தேர்தலைப் பார்வையிடப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை நாள் முன்னால் போய் இறங்குகிறீர்கள்? வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் ராத்திரி போய்ச் சேர்ந்து, மறுநாள் சாயங்காலம் வரை நின்று பார்த்து, "அமைதியாக நடந்தது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவதற்குப் போகாமலே இருந்துவிடலாம். வாக்குச்சாவடிக்குள்ளே உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்காவது அன்றைக்கு நடப்பதுதான் விஷயம். ராணுவச் சோதனைச்சாவடியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த ஒரு நாளில் எதுவும் பிடிபடாது.

நான் பார்த்தது 2006 ஜனவரி 25 அன்று நடந்த பாலஸ்தீன சட்டமன்றத் தேர்தல். நின்ற இடம், பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் நாப்லஸ் நகரத்துக்குத் தெற்கே ஹுவாரா. வாக்குச்சாவடிகளைப் பார்வையிட ஐரோப்பிய ஒன்றியமும் கார்ட்டர் மையமும் ஆட்களை அனுப்பியிருந்தன. முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரே நேரில் வந்திருந்தார். எங்களுடையது சின்னத் தன்னார்வக் குழு. எங்களுக்கு வேலை சாலையில். வாக்களிக்கக் கிளம்பியவர் போய்ச் சேர முடிகிறதா, எவ்வளவு நேரத்தில், யாருக்கு முடியவில்லை என்பதைக் குறித்துக்கொள்வது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் கேட்டவர்களில் பாதிப் பேர் தப்பாகத்தான் நினைத்திருந்தார்கள். சோதனைச்சாவடி என்றதும் இஸ்ரேலுக்குள் நுழைகிற எல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஹுவாரா எல்லையே இல்லை. மேற்குக் கரைக்கு நன்றாக உள்ளே, ஒரு பாலஸ்தீன நகரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள பாலஸ்தீன கிராமங்களுக்கும் நடுவில் இஸ்ரேலிய ராணுவம் போட்டது. 2000இல் இரண்டாவது இன்திஃபாதா, அதாவது பாலஸ்தீன எழுச்சி, தொடங்கிய பிறகு வந்தது. நாப்லஸ் இரண்டு மலைகளுக்கு இடையில் இருக்கிற ஊர். வெளியே போகிற வழிகள் குறைவு, அவற்றையெல்லாம் அடைத்துவிட்டால் ஊரையே மூடியதாகிவிடும். தெற்கே ரமல்லா பக்கம் போகிறவர்களுக்கு அப்போது ஹுவாராதான் வாசல்.

அந்த நாட்களில் பெரும்பாலானவர்கள் நடந்துதான் கடக்க வேண்டியிருந்தது. நாப்லஸிலிருந்து வருகிற மஞ்சள் ஷேர் டாக்ஸி இந்தப் பக்கம் இறக்கிவிடும். தகரக் கூரைக்குக் கீழே நடந்து, இரும்புச் சுழல்கதவில் ஒருவர் பின் ஒருவராக நுழைந்து, சிமெண்ட் தடுப்புக்குப் பின்னால் நிற்கிற சிப்பாயிடம் பச்சை உறை போட்ட அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து, சில நேரம் பெல்ட்டைக் கழற்றி, சட்டையைத் தூக்கிக் காட்டி, அந்தப் பக்கம் போய் இன்னொரு டாக்ஸி பிடிக்க வேண்டும். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் பக்கவாட்டில் ஒரு வழி. அட்டை எண்ணை போனில் சொல்லி, தேடப்படுவோர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்பார்கள். பதில் வரும்வரை அந்த ஆள் ஓரமாக நிற்பார். சில வாரங்களில் 16 வயதிலிருந்து 35 வயது வரை உள்ள ஆண்கள் வெளியே போகவே கூடாது என்று உத்தரவு வரும். அந்த உத்தரவு எங்கேயும் எழுதி ஒட்டியிருக்காது. வரிசையில் நின்று சுழல்கதவு வரைக்கும் போனால்தான் தெரியும்.

வேலையை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இஸ்ரேலியப் பெண்கள். மக்சோம் வாட்ச் என்று 2001இல் தொடங்கிய அமைப்பு. பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்கள், பேரப்பிள்ளைகள் உள்ளவர்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று வந்து நிற்பார்கள். போய் அன்றைக்கே அறிக்கை எழுதுவார்கள். சிப்பாய்களுக்கு அவர்களைக் கண்டால் ஒருவித எரிச்சல், கூடவே வீட்டுப் பாட்டியிடம் மாட்டிக்கொண்ட நெளிவு. ஒரு சிப்பாய்ப் பையன், பத்தொன்பது வயதிருக்கும், "உங்களுக்கு வீட்டில் வேலை இல்லையா?" என்று கேட்டான். அங்கே நின்ற ஓர் அம்மா சிரித்துக்கொண்டே, "உனக்கும் இல்லையா?" என்று ஹீப்ருவில் கேட்டுவிட்டு நோட்டில் மணியை எழுதினார்.

அவரிடம் நான் கற்ற முதல் பாடம், தலையை எண்ணாதே என்பது. வரிசையில் எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்தால் அது மாறிக்கொண்டே இருக்கும். இருநூறு என்று ஒருவர் எழுதுவார், முந்நூறு என்று இன்னொருவர் எழுதுவார், கடைசியில் ராணுவச் செய்தித் தொடர்பாளர் இரண்டையும் தள்ளிவிடுவார். அதற்குப் பதில் கடைசியில் வந்து சேர்கிற ஒருவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிவப்பு ஸ்வெட்டர், கையில் கனாஃபே இனிப்புப் பெட்டி, அப்படி ஏதாவது அடையாளம். அவர் வரிசையில் சேர்ந்த மணி, சுழல்கதவைத் தாண்டிய மணி. முடிந்ததும் அடுத்தவர். ஒரு ஷிப்டில் இப்படிச் சிலரைப் பின்தொடர்ந்தாலே போதும், சராசரி எவ்வளவு நேரம் ஆகிறது என்று யாரும் மறுக்க முடியாத ஒரு கணக்கு வந்துவிடும்.

இரண்டாவது, நோட்டின் பக்கத்தில் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் நானே கண்ணால் பார்த்தது. வலது பக்கம் யாரோ சொன்னது, சொன்னவர் எப்படிப்பட்டவர் என்பதோடு, ஆனால் பெயரில்லாமல். "காலை நாலு மணிக்குக் கண்ணீர்ப்புகை போட்டார்கள்" என்று டாக்ஸிக்காரர் சொன்னால் அது வலது பக்கம். அவர் பொய் சொல்வார் என்பதற்காக இல்லை. இடது பக்கத்தில் ஒரே ஒரு வரி தப்பாகிவிட்டால் மொத்த நோட்டும் போச்சு. பெயர் எழுதாமல் இருப்பதும் முக்கியம். நோட்டைப் பறித்துப் படிக்க மாட்டார்கள் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் தினமும் இதைத்தான் செய்தோம். உண்மையைச் சொன்னால் சலிப்பான வேலை. குளிர், ஈரம், நின்று நின்று கால் மரத்துப்போகும். எள் ஒட்டிய கஃஅக் ரொட்டியும் ஏலக்காய் போட்ட காபியும் விற்கிற வண்டிக்காரர் ஒருவர்தான் ஆறுதல். அவர் எங்களிடம் காசு வாங்க மறுப்பார், நாங்கள் வண்டியில் வைத்துவிட்டு ஓடிவருவோம். ஆனால் அந்தச் சலிப்பான நாட்களில்தான் எல்லாம் பிடிபட்டது. எந்த நேரத்தில் ஆள் மாறுகிறது, எந்த அதிகாரி வந்தால் வேகம் கூடுகிறது, வியாழக்கிழமை மதியம் பல்கலைக்கழக மாணவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது என்ன ஆகிறது, எல்லாம்.

சரி, சோதனைச்சாவடிக்கும் வாக்குக்கும் என்ன சம்பந்தம்? எல்லோரும் அவரவர் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்களிக்கிறார்கள், யாரும் எதையும் கடக்க வேண்டியதில்லையே என்று ஒருவர் எங்களிடம் வாதாடினார். பெரும்பாலோருக்கு அது சரி. ஆனால் நாப்லஸில் அந்நஜாஹ் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கிறவர்களில் பலர் வெளியூர், பெயர் பதிவாகியிருப்பது சொந்த ஊரில். வாக்குச்சாவடியில் வேலை பார்ப்பவர்களில் பலர் பள்ளி ஆசிரியர்கள், அவர்கள் சில நேரம் வேறு ஊருக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கட்சிக்கும் பூத் ஏஜென்ட் உண்டு. சீட்டும் பெட்டியும் போய்ச் சேர வேண்டும். அதற்கும் முன்னால் பிரசாரம் இருக்கிறது. ஒரு ஊர் வேட்பாளர் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போக முடியாவிட்டால், அது வாக்குப்பதிவு நாள் அறிக்கை எதிலும் வராது. மொத்தம் 132 இடங்களில் பாதி மாவட்டத் தொகுதிகள், பாதி நாடு முழுவதற்குமான கட்சிப் பட்டியல். பட்டியலில் நிற்கிறவருக்கு மேற்குக் கரை முழுவதும், காஸாவும் சேர்த்து, ஒரே தொகுதி. ஆனால் அந்தத் தொகுதிக்குள் அவரால் போய்வர முடியாது.

ஜெருசலேம் தனிக் கதை. கிழக்கு ஜெருசலேமில் வாக்களிக்கும் தகுதி உள்ளவர்கள் லட்சத்துக்கும் மேல். இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் செய்த 1995 ஒப்பந்தப்படி அங்கே வாக்குச்சாவடி கிடையாது, தபால் நிலையத்தில்தான் வாக்கு. இஸ்ரேலியத் தபால் ஊழியர் கவுன்ட்டரில் இருப்பார், வாக்காளர் சீட்டை உறையில் போட்டுக் கொடுப்பார். தபாலில் அனுப்புகிறார்கள் என்று ஒரு தரப்பும், வாக்களிக்கிறார்கள் என்று இன்னொரு தரப்பும் சொல்லிக்கொள்ள வசதியான ஏற்பாடு. 2006இல் ஆறு தபால் நிலையங்களில் ஆறாயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் நகர எல்லைக்கு வெளியே அபூ தீஸ், அர்-ராம் மாதிரிப் புறநகர்களுக்குப் போக வேண்டும். அதாவது இஸ்ரேல் கட்டிய பிரிப்பு மதிலையோ சோதனைச்சாவடியையோ தாண்ட வேண்டும். அன்று அந்தப் பக்கம் நின்ற எங்கள் நண்பர்கள் சொன்னது, தகராறு எதுவும் பெரிதாக இல்லை, ஆனால் வாக்களிக்க வந்த கூட்டமும் இல்லை என்று. தபால் நிலையத்துக்குப் போனால் ஜெருசலேமில் குடியிருக்க உரிமை தரும் நீல நிற அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம் பலருக்கு இருந்தது. வீட்டிலேயே இருந்துவிட்டவரை எந்தச் சோதனைச்சாவடியிலும் எண்ண முடியாது.

வாக்குப்பதிவு நாளுக்கு வருகிறேன். காலை ஏழு மணிக்குத் தொடக்கம். நாங்கள் ஆறு மணிக்கே ஹுவாராவில். எங்களில் ஒருவர் பச்சைக் கம்பளிச் சால்வை போட்டுக்கொண்டு கிளம்பினார். வண்டியில் ஏறுவதற்குள் எல்லோரும் சேர்ந்து கழற்ற வைத்தோம். அங்கே கட்சிக்கு ஒரு நிறம்: பச்சை ஹமாஸ், மஞ்சள் ஃபத்ஹ், சிவப்பு இடதுசாரிகள். வானவில்லில் மிச்சம் இருப்பதைத்தான் போட முடியும் என்று அலுத்துக்கொண்டே பழுப்புக் கோட்டோடு வந்தார். இது சிரிப்பாகத் தெரியலாம். ஆனால் பார்வையாளரின் துணி நிறத்தைப் பார்த்து ஒரு சிப்பாயோ, வரிசையில் நிற்கிற ஒருவரோ முடிவுக்கு வந்துவிட்டால் அன்று முழுவதும் யாரும் நம்மிடம் பேச மாட்டார்கள்.

சுழல்கதவு அன்று சுற்றிக்கொண்டே இருந்தது. வரிசை என்று ஒன்றும் இல்லை. தேர்தலுக்காகக் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதாக இஸ்ரேல் முன்பே அறிவித்திருந்தது. காலை நேரத்தில் அதை அப்படியே செய்தார்கள். அட்டையை எடுத்துக் காட்டினால் போதும், வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. இளைஞர்கள் கூட்டமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். முந்தின வாரம் அதே இடத்தில் இரண்டு மணி நேரம் நின்ற வயதுக்காரர்கள். ஒரு மாணவன் தாண்டிப் போனவன் திரும்பி வந்து மறுபடி ஒருமுறை கடந்து காட்டினான், சும்மா, நண்பர்களுக்காக. ரொட்டி வண்டிக்காரர் எங்களைப் பார்த்து, "தினமும் தேர்தல் வைக்கச் சொல்லுங்கள்" என்றார்.

எனக்கு அன்றைய அறிக்கையின் மையமே அந்த வரிதான். அன்றைக்கு மட்டும் வந்திருந்தவர் எழுதியிருப்பார்: போக்குவரத்து தடையின்றி நடந்தது. அது பொய்யும் இல்லை. ஆனால் முந்தைய வாரங்களின் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. அதே இடம், அதே கதவு, அதே ஆட்கள். பாதுகாப்புக்கு வேறு வழியே இல்லை என்று தினமும் சொல்லப்பட்ட சோதனையை, வேண்டும் என்று நினைத்த அன்று நிறுத்தி வைக்க முடிந்திருக்கிறது.

வாக்களித்துவிட்டுத் திரும்புகிறவர்களை விரல் மையை வைத்துக் கண்டுபிடித்தோம். இந்தியாவில் போல நகத்தில் கோடு இல்லை, விரலையே மையில் முக்குகிறார்கள், தூரத்திலிருந்தே தெரியும். அட்டையை நீட்டும்போது வேண்டுமென்றே அந்த விரல் மேலே தெரியும்படி பிடித்தவர்கள் உண்டு. மூட்டை ஒன்றைத் தலையில் வைத்திருந்த பாட்டி ஒருவர் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "யா பின்தி (மகளே), எழுதிக்கொள்" என்றார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவே கூடாது என்பது விதி. அவராகவே சொன்னார், நான் நோட்டை மூடி வைத்துக்கொண்டேன். அப்படிச் செய்தால் எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும், மனமும் நோகாது.

மதியம் இரண்டு மணிக்கு ஆள் மாறியது. சோதனைச்சாவடியைப் பார்க்கிற யாரும் கவனிக்க வேண்டிய நேரம் இதுதான். காலையில் வந்த உத்தரவு அடுத்த ஷிப்டின் காதுக்கு முழுசாகப் போய்ச் சேராது, அல்லது புதிய அதிகாரி அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார். கால் மணி நேரத்தில் தகரக் கூரைக்குக் கீழே வரிசை உருவாகிவிட்டது. அட்டையை வாங்கினார்கள், புரட்டினார்கள், போனில் எண்ணைச் சொன்னார்கள்.

2:10க்கு ஒரு இளைஞரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். கழுத்தில் தேர்தல் ஆணையம் கொடுத்த பூத் ஏஜென்ட் அட்டை. அதைத் தூக்கிக் காட்டினார், சிப்பாய் பார்க்கவில்லை. இங்கே பதற்றத்தில் நம் கால் தானாக முன்னால் போகும். போகக் கூடாது. சிப்பாய்க்கும் பிடித்து வைக்கப்பட்டவருக்கும் நடுவில் நாம் போய் நின்றால், அதன் பலனை நாம் போன பிறகு அனுபவிக்கிறவர் அவர். இருவருக்கும் நம்மைத் தெரிகிற மாதிரி, கேட்கிற தூரத்தில் நின்றோம். மணியை எழுதினோம். என்னோடு நின்ற இஸ்ரேலிய அம்மா போனை எடுத்தார். இப்படிப்பட்ட புகார்களுக்கென்று ராணுவம் ஒரு எண் வைத்திருந்தது. அவர் குரலை உயர்த்தவே இல்லை. இடம், நேரம், தேர்தல் ஆணைய அட்டை இருக்கிறது, வாக்குச்சாவடி சாயங்காலம் ஏழு மணிக்கு மூடுகிறது, உங்கள் பெயர் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டார். இருபது நிமிடம் கழித்து மறுபடி அழைத்து, முன்பு பேசியவரின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தார். அப்புறம் இன்னொரு முறை. 3:05க்கு அட்டை திரும்பக் கிடைத்தது. இளைஞர் எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் டாக்ஸியை நோக்கி ஓடினார், ஓட வேண்டியதுதான்.

போன் செய்ததால்தான் விட்டார்களா? அறிக்கையில் அப்படி எழுத மாட்டோம். 2:10க்கு நிறுத்தினார்கள், இந்தந்த நேரத்தில் அழைத்தோம், 3:05க்கு விட்டார்கள். அவ்வளவுதான். ஐம்பத்தைந்து நிமிடம் அந்தக் கட்சிக்கு அந்த பூத்தில் ஆள் இல்லை என்பதை வலது பக்கத்தில் எழுதிவைத்து, பிறகு அந்த ஊரில் இருந்தவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

நாலு மணிக்கு மேல் யாரோ உயர் அதிகாரி ஜீப்பில் வந்து போனார், வரிசை கரைந்தது.

படம் எடுப்பது பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். நான் எடுக்கவில்லை. கேமராவைத் தூக்கிய நிமிடமே சிப்பாயின் கவனம் வேலையை விட்டு நம்மேல் திரும்புகிறது, கதவு நிற்கிறது, வரிசையில் நிற்கிறவர்கள் நம்மைத்தான் திட்டுவார்கள். அதோடு, ஓரமாக நிறுத்தப்பட்டவரின் முகம் எங்கே போய் யார் கையில் சேரும் என்று தெரியாது. நல்ல பேனா, நனையாத நோட்டு, இரண்டு போன், கையில் கட்டுகிற கடிகாரம் இருந்தால் வேலை நடக்கும். கடிகாரங்கள் எல்லாம் ஒரே மணி காட்டுகின்றனவா என்று காலையிலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எல்லோருடைய நோட்டையும் ராத்திரி ஒன்றாக வைத்துத் தொகுக்கும்போது இதன் அருமை தெரியும்.

அன்று ராத்திரி தொகுக்க உட்கார்ந்தபோது சண்டையே வந்தது. நல்ல நாளைக் கெட்ட நாளாகக் காட்டப் பார்க்கிறோமோ என்று ஒருவருக்குச் சந்தேகம். தளர்த்தியதைப் பாராட்டி ஒரு வரியாவது எழுத வேண்டும் என்றார். எழுதினோம், முதல் பத்தியிலேயே. அதற்கு அடுத்த பத்தியில் முந்தைய மூன்று புதன்கிழமைகளில் அதே நேரத்துக்கு எவ்வளவு நிமிடம் ஆனது என்ற கணக்கைப் போட்டோம். கருத்து எதுவும் சேர்க்கவில்லை. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை நடந்தது மூன்றாவது பத்தி. படிக்கிறவர் கூட்டிக் கழித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது வாக்குச்சாவடி வாசல் கருத்துக்கணிப்புகள் ஃபத்ஹ் முன்னால் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தன. மறுநாள் பார்த்தால் ஹமாஸ். இறுதிக் கணக்கில் ஹமாஸுக்கு 74, ஃபத்ஹுக்கு 45. பதிவு செய்த வாக்காளர்களில் நூற்றுக்கு 77 பேர் வாக்களித்திருந்தார்கள். உலகம் முழுக்க அதைப் பற்றியே பேச்சு. சோதனைச்சாவடி அறிக்கையை அந்த வாரம் யாரும் சீண்டவில்லை. அது பயன்பட்டது பிறகு, போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் பற்றிய வேறு விவாதங்களில், நிமிடக் கணக்குக்காக. ஹுவாராவில் சில நாட்களுக்குள் பழைய வரிசை திரும்பிவிட்டது.

அதற்கப்புறம் உள்ளாட்சித் தேர்தல்கள் சில நடந்தன. சட்டமன்றத்துக்கு 2021 மே 22 என்று தேதி குறித்தார்கள். ஏப்ரல் கடைசியில் பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸ் ஒத்திவைத்தார். ஜெருசலேமில் வாக்குப்பதிவுக்கு இஸ்ரேல் ஒப்புதல் தரவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அன்று சுழல்கதவை இரண்டு தடவை கடந்து காட்டிய அந்த மாணவனுக்கு இப்போது நாற்பதை நெருங்கியிருக்கும். சட்டமன்றத்துக்கு அவன் வாக்களிக்கக் கிடைத்த ஒரே தேர்தல் அதுதான்.